பாத்ரூம் மறைப்பில் ஒரு குண்டர்

ஷேர் ஆட்டோவை முப்பதுக்கு மேல் ஓட்டத் தெரியாத மனுஷனுக்குப் 'புயல்' என்று பெயர் வைத்தவன் கூட்டாளி வல்லரசு. சேரன் திண்டிவனத்திலிருந்து பிரம்மதேசத்துக்கு வண்டி எடுத்தால் அவசரக்காரர்கள் அடுத்த வண்டிக்குக் காத்திருப்பார்கள். மூட்டை முடிச்சோடு வருகிறவர்களும் பிள்ளைத்தாச்சிகளும் மட்டும் இவன் வண்டியைத் தேடி வந்து ஏறுவார்கள். குட்டையனைப் பனைமரம் என்று கூப்பிடுகிற ஊரில், இவனைப் புயல் என்று கூப்பிட்டார்கள். அதற்கு மேல் அந்தப் பெயரில் ஒரு மண்ணும் இல்லை.

சேரன் அன்புச்செல்வியைக் கட்டிக்கொண்டபோது வல்லரசு தன்னுடைய பிளக்ஸ் கடையிலேயே பேனர் அடித்துக் கொண்டுவந்தான். பின்னால் மின்னல், இரண்டு பக்கமும் வளைந்து ஒடிகிற தென்னை மரங்கள், நடுவில் கறுப்புக் கண்ணாடி போட்டுக் கைகட்டி நிற்கிற சேரன். மேலே கொட்டை எழுத்தில் 'கரையைக் கடக்கிறது புயல் சேரன்'. கீழே வரிசையாகக் கூட்டாளிகளின் தலைகள். மண்டப வாசலில் இதைப் பார்த்த பெண்ணின் அம்மா, மாப்பிள்ளை ரவுடியா என்று நாலு பேரிடம் விசாரித்தாள். தாலி கட்டும்போது மாப்பிள்ளைக்குக் கை நடுங்கியதைப் பார்த்த பிறகுதான் அவளுக்கு உயிர் வந்தது.

கல்யாணம் முடிந்ததும் பேனர் வீட்டுக்குப் பின்னால் போயிற்று. இந்தப் பக்கத்தில் எந்த பிளக்ஸும் வீணாவதில்லை. தலைவர் முகத்தின் மேல் மல்லாட்டை என்கிற நிலக்கடலை காயும். நடிகர் முகம் ஆட்டுக் கொட்டகைக்குக் கூரையாகும். சேரன் முகம் பாத்ரூமுக்கு மறைப்பானது. மூன்று பக்கம் செங்கல், நான்காவது பக்கம் புயல் சேரன். குளிக்கும்போது புருஷன் கறுப்புக் கண்ணாடியோடு முறைத்துக்கொண்டிருப்பது ஒரு மாதிரியாக இருந்ததால், படம் வெளியே தெரியும்படி அன்புச்செல்விதான் அதைத் திருப்பிக் கட்டினாள். அதற்காக அவள் பிற்பாடு தன் தலையில் எத்தனை முறை அடித்துக்கொண்டாள் என்பதற்குக் கணக்கே இல்லை.

அவள் திண்டிவனத்தில் மேம்பாலத்துக்குப் பக்கத்தில் ஒரு ஜவுளிக்கடையில் பில் போடுகிறாள். அவள் உட்காருகிற இடத்துக்கு நேர் எதிரே கண்ணாடிக் கதவு. கதவுக்கு நேர் எதிரே ஷேர் ஆட்டோக்கள் நிற்கிற இடம். அன்றைக்கு ஆடித் தள்ளுபடிக் கூட்டம் கடையை நெரித்துக்கொண்டிருந்தது. வெளியே சேரன் வண்டியில் ஒரு பிள்ளைத்தாச்சிப் பெண் ஏறிக்கொண்டிருந்தாள். ஸ்டாண்டைக் குத்தகைக்கு எடுத்தவனின் ஆள் ஒருவன் வந்து வண்டியைத் தட்டி, நகர்த்தச் சொன்னான். சேரன் ஏதோ சொன்னான். அந்த ஆள் சாவியைப் பிடுங்கினான். சேரன் அவனைத் தள்ளினான். அவன் போய் வாழைப்பழ வண்டியின் மேல் விழுந்தான். முன்பல் ஒன்று ஆட்டம் கண்டுவிட்டது. அன்புச்செல்வி பில் போடுவதை நிறுத்திவிட்டு எழுந்து நின்று எல்லாவற்றையும் பார்த்தாள். அவளுக்கு முன்னால் நின்ற அம்மாள், "பில்லப் போடும்மா, பஸ்சு பூடும்" என்றாள்.

நடந்தது அவ்வளவுதான். ஆனால் விழுந்தவன் குத்தகைக்காரனின் ஆள். குத்தகைக்காரனுக்கு வேண்டப்பட்டவர்கள் மேலே வரைக்கும் இருந்தார்கள். மாலைக்குள் சேரனைப் பிடித்துக்கொண்டு போனார்கள், கேஸில் ஒரு பட்டாக்கத்தி முளைத்தது. குடிதண்ணீர் வரவில்லை என்று ஊரோடு ரோட்டில் உட்கார்ந்த பழைய கேஸையும், திருவிழாவில் பாட்டு போடுவதில் வந்த சண்டையில் கும்பலோடு கும்பலாகப் பெயர் எழுதின இன்னொரு கேஸையும் தூசி தட்டி எடுத்தார்கள். வீட்டுக்கு விசாரிக்க வந்த ஒரு போலீஸ்காரர் கை கழுவப் பின்பக்கம் போனார். போனவர் பாத்ரூம் மறைப்புக்கு முன்னால் அப்படியே நின்றுவிட்டார். பிறகு செல்போனை எடுத்து ஒரு போட்டோ பிடித்துக்கொண்டார்.

பெயிலுக்கு மனு போட்டாயிற்று, இதோ வந்துவிடுவான் என்று அன்புச்செல்வி கேப்பை மாவு அரைத்து வைத்திருந்த வாரத்தில்தான் குண்டர் சட்டத்தில் ஆர்டர் வந்தது. செய்த தப்புக்குத் தண்டனை கொடுக்கிற சட்டம் எல்லாருக்கும் தெரியும். இது இனிமேல் செய்யப்போகிற தப்புக்கு முன்கூட்டியே உள்ளே வைக்கிற சட்டம். ஒரு வருஷம். பெயில் கிடையாது, சாட்சி கிடையாது, குறுக்கு விசாரணை கிடையாது. நல்ல நாளிலேயே பேசத் தெரியாத சேரனைக் கடலூர் ஜெயிலுக்கு மாற்றி, கையில் செங்கல் கனத்துக்கு ஒரு புத்தகத்தைக் கொடுத்தார்கள். அவனை ஏன் உள்ளே வைத்தார்கள் என்பதற்கான காரணங்கள் அதில் இருக்கின்றனவாம்.

அதன் பிரதி ஒன்று வீட்டுக்கும் வந்தது. அன்புச்செல்வி அடுப்படியில் உட்கார்ந்து படித்தாள். 'சேரன் என்கிற புயல் சேரன் பட்டாக்கத்தியைச் சுழற்றிக்கொண்டு கூச்சலிடவே, பொதுமக்கள் உயிருக்குப் பயந்து நாலாபுறமும் சிதறி ஓடினர். கடைக்காரர்கள் கடைகளை அடைத்தனர். போக்குவரத்து ஸ்தம்பித்தது.' அவளுக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன. ஆடித் தள்ளுபடி நாளில் அவளுடைய முதலாளி கடையை அடைப்பாரா? வானம் இடிந்து தலையில் விழுந்தாலும் அதற்கும் ஒரு பில் போடச் சொல்லுவார். சிதறி ஓடியதாகச் சொல்லப்பட்ட பொதுமக்கள் அன்றைக்கு இருக்கிற நைட்டியெல்லாம் தீர்ந்துபோய்விடும் என்று உள்ளேதான் ஓடி வந்தார்கள்.

வக்கீல் இருதயராஜின் அலுவலகம் விழுப்புரத்தில், ரயில்வே ஸ்டேஷனுக்குப் பக்கத்தில் ஒரு மாடியில் இருந்தது. ஒவ்வொரு ரயில் அறிவிப்புக்கும் அவர் பேச்சை நிறுத்திவிட்டு, அது முடிந்ததும் விட்ட இடத்திலிருந்து தொடருவார். நல்ல மனுஷர். ஆனால் நல்ல மனுஷர்கள் சொல்வதும் சில சமயம் எரிச்சலைத்தான் கிளப்பும்.

"சார், நான் பாத்தேன் சார். நேர் எதிருல. கத்தியும் கெடையாது, ஒண்ணும் கெடையாது. எங்க கட மூடவே இல்ல. அன்னிக்கி போட்ட பில்லு அத்தினியும் கம்ப்யூட்டருல இருக்குது."

"நம்புறேன்மா."

"அப்ப அத கோர்ட்டுல சொல்லுங்க சார்."

"சொல்ல முடியாதும்மா." அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "நாம ஐகோர்ட்டுல போடப்போறது ஆட்கொணர்வு மனு. உங்க வூட்டுக்காரர் தப்பு பண்ணாரா இல்லையான்னு அங்க பாக்க மாட்டாங்க. உள்ள வெச்சாங்களே, அத முறையா வெச்சாங்களான்னு மட்டும்தான் பாப்பாங்க. கத்தி இருந்துதா, இல்லையாங்கிறதெல்லாம் திண்டிவனம் கோர்ட்டுல கேசு நடக்கும்போது பேசிக்கலாம்."

"அது எப்ப சார் நடக்கும்?"

வெளியே ஏதோ ஒரு ரயில் தாமதமாக வருவதாகவும் அதற்காக வருந்துவதாகவும் ஒரு பெண் குரல் அறிவித்தது. வக்கீல் அது முடியும்வரை காத்திருந்தார். பிறகு, "நடக்கும்" என்றார்.

அதற்கப்புறம் அவர் அந்தத் தடிப் புத்தகத்தை எடுத்துவைத்துக்கொண்டு, முறத்தில் அரிசியைப் பரப்பிக் கல் பொறுக்குகிற மாதிரி பக்கம் பக்கமாகப் பார்த்தார். அன்புச்செல்வி அவர் உண்மையைத் தேடுகிறார் என்று நினைத்தாள். நடுவில் ஒரு பக்கத்தில் அவருடைய கை நின்றது. தாள் முழுக்கக் கன்னங்கரேல் என்று இருந்தது. ஸ்டேஷனில் ஜெராக்ஸ் எடுத்த புண்ணியவான் மையைக் கொட்டிவிட்டிருந்தார். ஒரு மூலையில் மட்டும் ஏதோ தென்னங்கீற்று மாதிரி தெரிந்தது.

"இது இன்னாம்மா?"

அன்புச்செல்வி தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். கீற்றுக்குப் பக்கத்தில் ஒரு பிளாஸ்டிக் பக்கெட்டின் விளிம்பைக் கண்டுபிடித்தாள்.

"எங்க பாத்ரூமு சார்."

விஷயத்தைக் கேட்டதும் இருதயராஜ் அவ்வளவு நேரமும் இல்லாத உற்சாகத்தோடு நிமிர்ந்து உட்கார்ந்தார். புயல் என்கிற பட்டப்பெயருக்கு ஆதாரம் என்று இந்தப் பக்கத்தைத்தான் காட்டியிருக்கிறார்கள். ஆதாரம் என்று ஒன்றைக் காட்டினால், உள்ளே இருப்பவன் அதைப் படிக்க முடியவேண்டும். படித்தால்தான் பதில் சொல்ல முடியும். பதில் சொல்லுகிற உரிமையைப் பிடுங்கினால் ஆர்டர் நிற்காது. தெளிவான நகல் கொடுங்கள் என்று சேரன் பெயரில் முதலில் ஒரு மனு அனுப்புவது. கொடுக்காவிட்டால் அதை வைத்தே ஐகோர்ட்டில் அடிப்பது.

"குடுத்துட்டாங்கன்னா சார்?"

"குடுக்க மாட்டாங்க. அந்த போட்டோ எவன் போன்ல இருக்குதோ, அந்த போனே இப்ப இருக்குதோ இல்லியோ. ஆனா ஒண்ணும்மா. இந்தப் பக்கத்துல இன்னா இருக்குதுன்னு நீங்க யார்கிட்டயும் வாயத் தொறக்கக் கூடாது. நமக்கும் தெரியல. தெரியாத வரைக்கும்தான் நமக்குப் பலம்."

"என் கண்ணு ரெண்டும் தெளிவா பாத்தது வாணாம். அவுங்க கருப்பா அடிச்ச தாள்தான் வேணும். அதான சார்?"

"அதேதாம்மா."

தெளிவான நகல் வரவே இல்லை. ஐகோர்ட் மனுவில் 'மனுதாரர் அன்புச்செல்வி' என்று போட்டிருந்தார்கள். அவள் பக்கத்துக்குப் பக்கம் கையெழுத்துப் போட்டாள். அதில் எந்தப் பக்கத்திலும் அவள் பார்த்தது ஒரு வரி இல்லை. கண்ணால் பார்த்தவள் பெயரில் ஒரு கேஸ் போட்டு, அவள் கண்ணால் பார்த்ததை மட்டும் விட்டுவிட்டு மற்றதையெல்லாம் எழுதியிருந்தார்கள். படிக்கட்டு இறங்கும்போது அவளுக்கு யாரையாவது நாலு வார்த்தை கேட்கவேண்டும் போல இருந்தது. கீழே பழம் விற்கிற பெண்தான் இருந்தாள். பாவம், அவளை என்ன கேட்பது?

நடுவில் சென்னையில், ஆர்டர் சரிதானா என்று பார்க்கிற அறிவுரைக் கழகம் என்று ஒன்றின் முன்னால் சேரனை நிறுத்தினார்கள். வக்கீல் கூட வரக்கூடாது. ஏதாவது சொல்ல இருக்கிறதா என்று கேட்டார்களாம். "நான் ஒண்ணும் பண்ணல சார்" என்றானாம். அங்கே வருகிற எல்லாரும் அதைத்தான் சொல்லுவார்கள் போலிருக்கிறது, திருப்பி அனுப்பிவிட்டார்கள். அடுத்த முறை அவள் கடலூருக்குப் பார்க்கப் போனபோது கம்பி வலைக்கு அந்தப் பக்கம் நின்று அவன் கேட்டது ஒன்றே ஒன்றுதான்.

"நீ பாத்தியே செல்வி. சொன்னியா?"

"சொல்றேன், சொல்றேன்" என்று அவள் மழுப்பினாள். திரும்பி வருகிற வழியெல்லாம் அவளுக்குத் தன்மேலேயே எரிச்சலாக இருந்தது.

சேரனின் அப்பா கோதண்டபாணி வேறு ஒரு ரகம். வாழ்நாள் முழுக்க அடுத்தவன் நிலத்தில் மல்லாட்டை பிடுங்கினவர். முதுகு போன பிறகு திங்கட்கிழமை தவறாமல் விழுப்புரத்துக்குப் போய் கலெக்டர் ஆபீஸ் குறைதீர்க்கும் நாளில் மனு கொடுப்பதை ஒரு தொழிலாகவே வைத்துக்கொண்டார். சுடுகாட்டுப் பாதைக்கு விளக்கு வந்தது அவர் மனுவால்தான். ஃபியூஸ் போன பல்பைக் கையோடு கொண்டுபோய் மேஜையில் வைத்தாராம். அடுத்த வாரமே ஆள் வந்தது. அன்றிலிருந்து அவருக்கு ஒரு நம்பிக்கை. தாளில் எழுதினால் படிக்க மாட்டார்கள், பொருளைக் கொண்டுபோய்க் கண்ணில் காட்டினால் காரியம் நடக்கும். குழாயில் வந்த கலங்கல் தண்ணீரை பாட்டிலில், ரேஷன் அரிசியில் இருந்த வண்டை டப்பாவில் என்று என்னென்னவோ கொண்டுபோயிருக்கிறார்.

அப்பேர்ப்பட்டவரிடம் அன்புச்செல்வி ஒருநாள் வாய் தவறிச் சொல்லிவிட்டாள். மகனை நினைத்து அவர் சாப்பிடாமல் கிடந்த ஒரு மத்தியானத்தில், ஆறுதலாக இருக்கட்டுமே என்று, "நம்ம பாத்ரூம் படம் அதுல தெரியலியாம் மாமா, அத்த வெச்சே வெளிய இஸ்துடலாம்னு வக்கீல் சொல்றாரு" என்றாள். அவர் தலையாட்டிக் கேட்டுக்கொண்டு ஒரு உருண்டை களி சாப்பிட்டார். அவளுக்கு நிம்மதியாக இருந்தது.

தை பிறந்த பிறகு வந்த முதல் திங்கட்கிழமை, காலையில் குளிக்கப் போனவள் அப்படியே நின்றாள். பாத்ரூமுக்கு ஒரு பக்கத்தையே காணோம். பேனர் இருந்த இடத்தில் வானமும் கொல்லையும் தெரிந்தன. பக்கத்து வீட்டு ஆடு ஒன்று நின்று அவளைப் பார்த்தது.

"உம் மாமனாருதான் அவுத்து, சுருட்டிக் கக்கத்துல வெச்சிக்கினு மொத வண்டிக்கே போனாரு" என்றாள் பக்கத்து வீட்டுக்காரி. "கேட்டா, பக்கம் தெரியலன்னு சொல்றாங்களாம், தெளிவா காட்டிட்டு வர்றேன்னாரு."

அன்புச்செல்வி ஓடிப்போய் செல்போனை எடுத்தாள். அவருக்கு போன் போட்டாள். போன் வீட்டுக்குள் அரிசிப் பானைக்குப் பக்கத்தில் அடித்தது. வக்கீலுக்குப் போட்டாள். அவர் முழுசாகக் கேட்கக்கூட இல்லை.

"அம்மா, அத மட்டும் அவுங்க கையில குடுத்துட்டாருன்னா கேசே பூடும்மா. குடும்பத்துக்கே தெரிஞ்ச படம்தான், ஒரிஜினலையே கொண்டாந்து குடுத்துட்டாங்க, படிக்க முடியலன்னு சொல்றதெல்லாம் சும்மான்னு சர்க்கார் வக்கீல் சொல்லிட்டு உக்காந்துடுவாரு. ஜல்தியா போய் நிறுத்துங்க."

சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்தானாம் ஆண்டி என்பார்கள். இந்த ஆண்டி சங்கைக் கக்கத்திலேயே வைத்துக்கொண்டு பஸ் ஏறிப் போயிருந்தார். அன்புச்செல்வி குளிக்காமல், முகத்தை மட்டும் கழுவிக்கொண்டு கிளம்பினாள். திண்டிவனம் வரைக்கும் வண்டி ஓட்டினவன் பறந்தான். அங்கிருந்து விழுப்புரம் பஸ்ஸில் நின்றுகொண்டே போனாள். வழியெல்லாம் அவள் திட்டாத ஆள் இல்லை. பேனர் அடித்த வல்லரசு, போட்டோ பிடித்த போலீஸ்காரர், மையைக் கொட்டின ஜெராக்ஸ்காரர், உண்மையை வைத்துக்கொண்டு ஒன்றும் செய்ய முடியாது என்கிற வக்கீல், படத்தைத் திருப்பிக் கட்டின தன்னுடைய கை. மாமனாரைத் திட்ட மட்டும் வாய் வரவில்லை. அவர் ஒருத்தர்தான் நடந்ததை நடந்தபடி காட்டக் கிளம்பியிருக்கிறார்.

கலெக்டர் ஆபீஸ் வாசலில் திங்கட்கிழமைக் கூட்டம். தீக்குளிக்க மண்ணெண்ணெய் பாட்டிலோடு யாராவது வந்துவிடப்போகிறார்கள் என்று ஒவ்வொரு பையையும் பிரித்துப் பார்த்துத்தான் உள்ளே விடுகிறார்கள். அன்புச்செல்வி கூட்டத்தை விலக்கிக்கொண்டு போனபோது அவள் பயந்தபடியே ஆகிவிட்டிருந்தது. நட்டநடு வாசலில், சிமென்டுத் தரையில், ஒரு பெண் போலீஸ் பேனரை முழுசாக விரித்துப்போட்டிருந்தாள். மின்னலும் தென்னை மரமும் கறுப்புக் கண்ணாடியுமாக சேரன் மல்லாந்து கிடந்து கூட்டத்தை முறைத்தான். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். கோதண்டபாணி கையைக் கட்டிக்கொண்டு, ரொம்ப மரியாதையாக நின்றார்.

"யாரு பெர்சு இது, புயலு?" என்றாள் அந்தப் பெண் போலீஸ்.

மாமனார் வாயைத் திறந்தார். மகன் பெயரைச் சொல்ல அவர் எப்போதும் கொஞ்சம் நெஞ்சை நிமிர்த்திக்கொள்வார். அந்த நிமிர்வைப் பார்த்ததுமே அன்புச்செல்வி குறுக்கே புகுந்தாள்.

"சொந்தக்காரங்க கல்யாண பேனர் மேடம். பழசு. கீழ விரிச்சி உக்காரக் கொண்டாந்தோம். இவுருக்கு முதுகு முடியல, ரொம்ப நேரம் நிக்க மாட்டாரு."

மனு கொடுக்க வருகிறவர்கள் எதையாவது விரித்து உட்காருவது அங்கே தினசரிக் காட்சிதான். பெண் போலீஸ் காலால் பேனரின் ஓரத்தை மடித்து, "எடுத்துக்கினு ஓரமா போங்க" என்றாள். அடுத்த ஆளின் பையைப் பிரிக்க ஆரம்பித்தாள்.

உட்காரக் கொண்டுவந்தோம் என்று சொல்லியாகிவிட்டது, உட்கார்ந்துதானே ஆகவேண்டும். வேப்பமர நிழலில் பேனரை விரித்து மாமனாரை உட்காரவைத்து, தானும் புருஷன் தோள்பட்டைமேல் உட்கார்ந்தாள். கோதண்டபாணி அவளை நிமிர்ந்து பார்க்கவே இல்லை. அவருக்குக் கோபம்.

"ஏன் செல்வி தடுத்த? கண்ணால பாத்தா அவுங்களுக்குப் புரியாதா? இது பாத்ரூம் மறப்புமா. பசங்க விளையாட்டுக்கு அடிச்சதுமா. இத காட்டி, எம்புள்ள வண்டி ஓட்டுறத ஒரு தபா வந்து பாருங்கன்னு சொல்லலாம்னு இருந்தேன்."

அவள் மெதுவாக, வக்கீல் தனக்குச் சொன்னதை அவருக்குச் சொன்னாள். அவர் கேட்டு முடித்து, தனக்குச் சரியாகப் புரிந்ததா என்று சோதித்துக்கொள்கிற மாதிரி கேட்டார்.

"அப்ப நெசத்தக் காட்டுனா எம்புள்ள உள்ளயே இருப்பான். மறச்சி வெச்சா வெளிய வருவான்."

"ஆமா மாமா."

"இன்னாமா இது."

அவளும் மாசக்கணக்கில் அதையேதான் கேட்டுக்கொண்டிருக்கிறாள். அடக்கி அடக்கி வைத்திருந்த ஆத்திரமெல்லாம் அந்த வேப்பமரத்தடியில் அழுகையாக வந்துவிட்டது. முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். கோதண்டபாணி, வந்த திங்கட்கிழமையை வீணாக்குவானேன் என்று, மனு எழுதுகிறவரிடம் போய் வீட்டுக்கு ஒரு பாத்ரூம் கட்டித் தரும்படி மனு எழுதி வாங்கி, வரிசையில் நின்று கொடுத்துவிட்டு வந்தார்.

மாசி முடிகிற சமயத்தில் ஐகோர்ட்டில் கேஸ் எடுத்தார்கள். அன்புச்செல்வி கடைக்கு லீவு சொல்லிவிட்டு இருதயராஜின் மாடியில் உட்கார்ந்திருந்தாள். சென்னையிலிருந்து அவருடைய சீனியர் போன் செய்தபோது கீழே ரயில் அறிவிப்பு ஓடிக்கொண்டிருந்தது. இந்த ஒரு தடவை வக்கீல் அதற்காக நிறுத்தவில்லை.

"ஆர்டர ரத்து பண்ணிட்டாங்கம்மா. நம்ம கறுப்புப் பக்கம்தான். பத்து நிமிஷம்கூட ஆகலியாம்."

பத்து நிமிஷ வேலைக்கு ஆடியிலிருந்து மாசி வரைக்கும். அவள் கையெடுத்துக் கும்பிட்டாள். நன்றியாகத்தான் இருந்தது. ஆனால் ஒன்றைக் கேட்காமல் எழுந்துபோக அவளால் முடியவில்லை.

"என்னை ஏதாச்சும் கேட்டாங்களா சார்? மனுதாரர்னு போட்டீங்களே?"

"உங்க பேரச் சொல்லித்தாம்மா கூப்புடுவாங்க" என்றார் அவர். அவருக்கே அது பதிலாகப் படவில்லை போல; தண்ணீர் டம்ளரை எடுத்து அவள் பக்கம் நகர்த்தினார். இன்னொன்றும் சொல்லி அனுப்பினார். முறை தப்பு என்றுதான் விட்டிருக்கிறார்கள். மறுபடி ஏதாவது தகராறு என்றால், முறையாக இன்னொரு ஆர்டர் போட யாருக்கும் தடை இல்லை.

விஷயம் தெரிந்து வல்லரசு ஜவுளிக்கடைக்கே வந்துவிட்டான். இத்தனை மாதமும் தன்னால்தான் இப்படி ஆயிற்று என்று வெளியே தலைகாட்டாமல் இருந்தவன் அவன். பில் கவுண்ட்டருக்கு முன்னால் நின்று கையைப் பிசைந்தான்.

"அண்ணி, சின்னதா ஒரு பேனர். துண்டு அகலத்துக்கு, ஓரமா. 'மீண்டும் கரையைக் கடந்தது'ன்னு."

அன்புச்செல்வி அவனைப் பார்த்த பார்வையில் பின்னால் நின்ற வாடிக்கையாளர் ஒரு அடி நகர்ந்துகொண்டார்.

"அடி வல்லரசு. நல்லா பெருசா அடி. அடுத்த புத்தகத்துல 'வல்லரசு என்கிற பேனர் வல்லரசு'ன்னு உன் பேரும் வரட்டும். நானும் மாமாவும் ரெண்டு பேத்தையும் சேத்துப் பாக்க கடலூர் வர்றோம்."

அவன் பேனர் அடிக்கவில்லை. பெயிலும் கிடைத்து சேரன் வெளியே வருகிற நாளையும் அவள் யாருக்கும் சொல்லவில்லை. ஊரோடு மாலையும் வெடியுமாக ஜெயில் வாசலுக்கு வந்து நின்றால், அதையும் யாராவது போட்டோ பிடிப்பார்கள். அவள் மட்டும் போனாள். சேரன் துணிப்பையோடு வெளியே வந்து, வாசலைத் தாண்டியும் யாராவது கூப்பிட்டுவிடுவார்களோ என்று திரும்பித் திரும்பிப் பார்த்தான். இளைத்துப் போயிருந்தான். விழுப்புரம் வந்து, திண்டிவனம் வந்து, பிரம்மதேசம் போகிற ஷேர் ஆட்டோவில் பின்சீட்டில் ஏறினார்கள். வண்டிக்காரன் வளைவில் அடித்துத் திருப்பியபோது சேரன் கம்பியை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, "பைய போப்பா, எங்க ஓடிப்போவுது ஊரு" என்றான். அன்புச்செல்விக்கு அப்போதுதான் அவன் நிஜமாகவே வந்துவிட்டான் என்று தோன்றியது.

கோதண்டபாணி மகனைக் கண்டதும் அவன் கையைப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் நின்றார். பிறகு, குளித்துவிட்டு வா என்று பின்பக்கம் அனுப்பினார். பாத்ரூமின் நான்காவது பக்கத்தில் இப்போது நீலத் தார்ப்பாய் தொங்கியது. சேரன் அதைப் பார்த்துவிட்டு உள்ளே போனான். பேனர் சுருட்டிப் பரண்மேல் கிடந்தது. எரிக்கவும் மனசு வரவில்லை, விரிக்கவும் பயம்.

அன்புச்செல்வி வெந்நீர் கொண்டுபோய் வைத்துவிட்டு வெளியே துவைக்கிற கல்லில் உட்கார்ந்தாள். உள்ளே இரண்டு சொம்பு தண்ணீர் ஊற்றுகிற சத்தம் கேட்டது. பிறகு சத்தம் நின்றது.

"செல்வி. கோர்ட்டுல இன்னா சொன்னாங்க? நான் பண்ணலன்னு சொல்லிட்டாங்களா?"

"ஒரு பக்கம் தெரியலன்னு சொன்னாங்க."

"இன்னா பக்கம்?"

"ஜெராக்ஸ் எடுத்ததுல ஒரு பக்கம் கறுப்பாயிடுச்சி. படிக்க முடியல. அதனால வுட்டுட்டாங்க."

அவன் அதை யோசிக்கிறான் என்று தெரிந்தது. தார்ப்பாய் காற்றில் ஒருமுறை உப்பி அடங்கியது.

"அப்ப நான் கத்தி எடுத்தேனா, எடுக்கலியான்னு?"

"அத யாரும் பேசல."

"நீ பாத்தியே. உன்ன கேக்கலியா?"

"கேக்கல. யாருமே கேக்கல. ஸ்டேஷன்ல கேக்கல, கோர்ட்டுல கேக்கல, வக்கீலும் வாணாம்னுட்டாரு. மனு பூரா என் பேருதான், என்னை ஒரு நாயும் கேக்கல."

அவளுக்குக் குரல் உயர்ந்துவிட்டது. வெந்நீர் ஆறிக்கொண்டிருக்கும் என்று அவள் நினைத்தாள். பிறகு தார்ப்பாய்க்கு அந்தப் பக்கத்திலிருந்து, ஜெயிலில் கேட்ட அதே குரலில், சேரன் கேட்டான்.

"இன்னா பாத்தே? சொல்லு."

அன்புச்செல்வி முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, கல்லில் நேராக நிமிர்ந்து உட்கார்ந்து சொன்னாள். பச்சைப் புடவை கட்டின பிள்ளைத்தாச்சி ஒருத்தி கம்பியைப் பிடித்து ஏறிக்கொண்டிருந்ததை. அந்த ஆள் வண்டியைத் தட்டினதை. சாவியைப் பிடுங்கினதை. இவன் தள்ளினதை, ஒரு கையால்தான் தள்ளினதை, இன்னொரு கை அந்தப் பெண் விழுந்துவிடாமல் பிடித்திருந்ததை. வாழைப்பழ வண்டி சாய்ந்ததை. எந்தக் கடையும் மூடாததை. எவனும் ஓடாததை. பில்லைப் போடும்மா என்று ஒரு அம்மாள் அவசரப்படுத்தினதை.

"கத்தி?"

"கத்தி இல்ல. உன் கையில ஒண்ணும் இல்ல."

உள்ளே சொம்பு கீழே வைக்கப்படுகிற சத்தம் கேட்டது. மூக்கை உறிஞ்சுகிற சத்தமும் கேட்டது.

"இன்னொரு தபா சொல்லு" என்றான் சேரன்.

அவள் மறுபடியும் முதலிலிருந்து ஆரம்பித்தாள். இந்த முறை சத்தமாகச் சொன்னாள். பக்கத்து வீட்டுக்காரி எட்டிப் பார்த்தாள். மாமனார் பின்வாசலுக்கு வந்து, கையைக் கட்டிக்கொண்டு நின்று கேட்டார்.